உருவமாற்றமும் உள்ளடக்கமும்: மின்காந்தவியற் சமன்பாடுகள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

இலக்கியத்தில் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள உறவு பற்றி ஈழத்து விமர்சனத் துறையிலே நீண்ட விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஓர் ஆக்கத்தின் உள்ளடக்கத்தை வேறோர் உருவத்திற் பெய்தால் அது அதே உள்ளடக்கமாக எஞ்சுமா என்ற வினாவுக்கு, எஞ்சாது என்பதே முற்போக்கு விமர்சகரும் அவரோடு மாறுபட்டோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் விடையாகும். ஆயின், பௌதிகவியல் கற்கும் மாணவர் ஒருவரிடம் இதே வினாவை விடுத்தால் அவர் மறுதலையான விடையையே தருவார். மின்காந்தவியலின் அடிப்படைச் சமன்பாடுகள் நான்கும் இரண்டு உருவங்களில் எழுதப்படுகின்றன. ஒன்று தொகையீட்டு வடிவம். மற்றையது வகையீட்டு வடிவம். பாடநூல்கள் இவற்றை ஒரே பக்கத்தில் இடமும் வலமுமாக அச்சிட்டு, இடையிலே 'எனவே' என்ற சொல்லை வைத்து, இரண்டும் ஒன்றே என்று கூறி அப்பாற் செல்லும். அந்த 'எனவே'யே இக்கட்டுரையின் பொருள்.

நாம் பௌதிகவியலாளர் அல்லோம். ஆயினும் நூல்களை வாசிப்பதும், ஒரு கூற்று எவ்வாறு இன்னொரு கூற்றாகின்றது என்று நோக்குவதும் நமது தொழிலாகும். 1873ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்டிலே இரு தொகுதிகளாக வெளிவந்த, ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல்லின் மின்சாரமும் காந்தமும் பற்றிய ஆய்வுநூலும் ஒரு நூலே. அதனை ஒரு நூலாக வாசிப்பதற்கு விமர்சகனுக்கு உரிமை உண்டு. அவ்வாறு வாசிக்குமிடத்து, பாடநூல்கள் மறைத்துவிட்ட ஒன்று அதிலே வெளிப்படையாகக் கிடக்கக் காண்கிறோம்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். தொகையீட்டு வடிவில் நான்கு விதிகளும் முழுமைகளைப் பற்றிப் பேசுகின்றன. மூடிய பரப்பொன்றினூடாக வெளியேறும் மின்பாயம் அப்பரப்பினுள் அடங்கிய மொத்த ஏற்றத்துக்கு விகிதசமமாகும் என்பது கௌசின் விதி. மூடிய பரப்பெதனூடாகவும் வெளியேறும் காந்தப் பாயத்தின் மொத்தம் பூச்சியமாகும். மூடிய தடமொன்றைச் சுற்றி எழும் மின்னியக்க விசை, அத்தடத்தை விளிம்பாகக் கொண்ட பரப்பினூடான காந்தப் பாயம் மாறும் வீதத்துக்குச் சமனாய்த் திசையில் எதிராயிருக்கும் என்பது பரடேயின் விதி. நான்காவது, மூடிய தடமொன்றைச் சுற்றிய காந்தப்புலத்தின் தொகையீட்டை அத்தடத்தினூடு செல்லும் மின்னோட்டத்தோடும், மக்ஸ்வெல் சேர்த்த இடப்பெயர்ச்சி ஓட்டத்தோடும் தொடர்புபடுத்துவது. இங்கெல்லாம் பேசப்படுவது பரப்பு, தடம், கனவளவு என்பனவே. எந்தவொரு தனிப்புள்ளியிலும் என்ன நிகழ்கிறது என்று இவை சொல்வதில்லை. வகையீட்டு வடிவமோ புள்ளியைப் பற்றியே பேசுவது. ஒரு புள்ளியிலிருந்து மின்புலம் வெளிநோக்கி விரியும் அளவு, அதே புள்ளியில் உள்ள ஏற்ற அடர்த்தியால் துணியப்படுகிறது. ஒரு புள்ளியைச் சூழ மின்புலம் சுழலும் அளவு, அதே புள்ளியில் காந்தப்புலம் மாறும் வீதத்தால் துணியப்படுகிறது. ஏனைய இரண்டும் இவ்வாறே.

முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல இரு வழிகள் உள்ளன. கனவளவைச் சுருக்கிக்கொண்டே செல்வது ஒரு வழி. வெளியேறும் பாயத்தைக் கனவளவால் வகுத்துக்கொண்டு, கனவளவைப் பூச்சியத்தை நோக்கிச் செலுத்தினால், பாயமும் பூச்சியமாகும், கனவளவும் பூச்சியமாகும், ஆயின் இரண்டினது விகிதம் மறைந்துவிடாது ஓர் எல்லையை அடைந்து நிற்கும். கார்ல் மார்க்ஸ் தமது இறுதிக் காலத்தில் எழுதிய கணிதக் கையெழுத்துப்படிகளிலே, முழுமையாக 1968இல் மொஸ்கோவில் வெளியிடப்பட்ட அப்படிகளிலே, இத்தகைய இடத்தைப் பற்றியே வருந்திச் சிந்தித்திருக்கிறார். வேறுபாடு ஒன்றை முதலில் உண்மையாகவே நிறுவிப் பின்னர் அதனை நீக்க வேண்டும். பேய்போலத் தோன்றி மறையும் நுண்கணியங்களைத் தொடக்கத்திலேயே இருப்பனவாகக் கொள்ளுதல் ஆகாது என்பது அவர் கருத்து. எல்லை பற்றிய பிற்காலக் கணிதத்தை அவர் அறிந்திருக்கவில்லை. எனினும் முடிவைவிட முடிவுக்கு இட்டுச்சென்ற இயக்கத்தை நோக்கவேண்டும் என்ற அவரது பிடிவாதம் நமக்கு இங்கு பயன்படுவது.

மற்றைய வழி தேற்றத்தின் வழி. பரப்பின் மீதான தொகையீட்டைக் கனவளவின் மீதான தொகையீடாக மாற்றும் தேற்றம் ஒன்றுண்டு. அதனைப் பயன்படுத்தினால், சமன்பாட்டின் இருபுறமும் ஒரே கனவளவின் மீதான தொகையீடுகளாகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது பூச்சியம். இதன்பின்னரே பாடநூல் 'எனவே' என்கிறது: தொகையிடப்படுவதும் பூச்சியமே என்கிறது. இது உண்மையில் அவ்வளவு எளிதாகப் பெறப்படுவதன்று. ஓர் ஊரின் வரவும் செலவும் மொத்தத்திற் சமப்பட்டன என்பதால் ஒவ்வொரு வீட்டின் வரவும் செலவும் சமப்பட்டன என்று ஆகாது. கடன்பட்ட வீட்டின் குறையை வட்டிக்குக் கொடுத்த வீட்டின் மிகை மறைத்துவிடும். மொத்தம் பொய் சொல்லாது, ஆயின் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுமில்லை. எவ்வளவு சிறிதாயினும் எந்தவொரு பகுதியை எடுத்தாலும் சமப்படுகிறது என்றால் மட்டுமே, மறைவதற்கு இடமில்லாது போகிறது. கௌசின் விதி ஒரு குறித்த பரப்புக்கு அன்றி எந்தவொரு பரப்புக்கும் பொருந்துவது. தொகையிடப்படும் கணியமும் தொடர்ச்சியானது. இவ்விரண்டும் சேர்ந்தே புள்ளிக்குச் செல்லும் உரிமையைத் தருகின்றன. நாம் பார்த்த மாணவர் குறிப்பேடு ஒன்றிலே நிறுவல் முழுவதும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. 'எந்தவொரு' என்ற சொல் மட்டும் அதிலே இல்லை.

இது மாணவரின் குறையன்று. உயர்தர வகுப்புவரை தமிழிற் பயின்று, பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் மாணவருக்கு, குறியீடுகளே இரு மொழிகளுக்கும் பொதுவாய் எஞ்சுகின்றன. குறியீடுகளை இணைக்கும் சிறு சொற்கள் கைநழுவிப் போகின்றன. ஆயின் அவர் கையிலுள்ள தமிழ்க் கலைச்சொற்கள் வறியவை அல்ல. தொகையீடு, வகையீடு என்னும் இரண்டும் நமது நூன்மரபிலிருந்தே எழுந்த சொற்களாகும். தொகுத்துச் சுட்டலையும் வகுத்துக் காட்டலையும் நூலுக்குரிய உத்திகளாக நன்னூல் அடுத்தடுத்து எண்ணுகிறது. தொகுத்துச் சுட்டியதையே பின்னர் வகுத்துக் காட்டுவர். வகுத்தபோது ஒன்றும் கூடாமலும் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்பது உரையாசிரியர்கள் அறிந்த ஒழுங்கு. ஆங்கிலச் சொற்கள் இரண்டும் இத்தகைய இணையாக ஒலிப்பதில்லை.

இனி மக்ஸ்வெல்லிடம் செல்வோம். அவர் தமது நூலின் முன்னுரையிலே, மின்சாரம் பற்றிய கணிதங்களைப் படிக்குமுன் பரடேயின் பரிசோதனை ஆய்வுகளை முழுவதும் வாசித்துவிடத் தீர்மானித்ததாகக் கூறுகிறார். பரடேயின் முறை முழுமையிலிருந்து தொடங்கிப் பகுப்பாய்வினாற் பகுதிகளை அடைவது என்றும், வழக்கமான கணித முறைகள் பகுதிகளிலிருந்து தொடங்கித் தொகுப்பினால் முழுமையைக் கட்டுவன என்றும் அங்கே வேறுபடுத்துகிறார். இரண்டாம் தொகுதியில், மின்னோட்டத் தூண்டல் பற்றிக் கூறுமிடத்தில், 529ஆம் பிரிவிலே இக்கருத்து விரிவு பெறுகிறது. தனித்துகள் ஒன்றை எண்ணுவதற்கே நாம் ஒரு கருத்துநிலைப் பிரிப்பைச் செய்தாக வேண்டும்; நமது புலன்கள் அறிவன எல்லாம் பரப்புடைய பொருள்களே; ஆகவே முழுமை என்ற எண்ணமும் தனிப்பொருள் என்ற எண்ணத்தைப் போலவே மூலமானதாயிருக்கலாம் என்பது அவர் வாதம். யூக்கிளிட்டின் முதற் புத்தகத்தையே அவர் சான்றாக எடுக்கிறார். புள்ளி நகர்ந்து கோடாவதும், கோடு நகர்ந்து பரப்பாவதும் ஒரு நெறி. திண்மத்தின் எல்லை பரப்பு, பரப்பின் எல்லை கோடு, கோட்டின் முடிவு புள்ளி என்பது மறுநெறி. பௌதிகவியல் நூலொன்றின் நடுவிலே ஓர் ஆசிரியர் இவ்வாறு நின்று சிந்திப்பது எமக்கு மிக்க வியப்பைத் தந்தது.

இதிலே கவனிக்கவேண்டிய ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. தொகையீடு என்றால் முழுமை, வகையீடு என்றால் பகுதி என்றே நாம் எளிதில் எண்ணிவிடுவோம். மக்ஸ்வெல் அவ்வாறு கூறவில்லை. பொருள்களுக்கிடையிலான தூரங்களையும் அவற்றின் ஏற்றங்களையும் கொண்டு, கோடுகள் வழியேயும் பரப்புகள் மீதும் தொகையிட்டுச் செல்லும் முறையை அவர் ஒருபுறம் வைக்கிறார். வெளி முழுவதிலும் தொடர்ச்சியாகப் பரந்துள்ள கணியங்களையும், அவற்றுக்குரிய பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளையும் மறுபுறம் வைக்கிறார். பின்னதே பரடேயின் முறைக்கு நெருங்கியது என்கிறார். அதாவது, புள்ளியைப் பற்றிப் பேசும் சமன்பாடே முழுமையை முன்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டும் சமன்பாடோ தனித்தனித் துகள்களை முன்கொண்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் இதில் முரணில்லை. தனித்துகள்களைத் தொகுப்பவருக்கு இடையிலுள்ள வெளி வெறுமையானது. ஒன்று மற்றொன்றைத் தொலைவிலிருந்தே ஈர்க்கும். வகையீட்டுச் சமன்பாட்டை எழுதுபவரோ ஒவ்வொரு புள்ளியிலும் புலம் உளதாகக் கொள்கிறார். ஒரு புள்ளி தன் அயலோடன்றி வேறெதனோடும் உறவாடுவதில்லை. அவ்வாறு அயலுக்கு அயல் தொடர்ந்து செல்வதே முழுமை.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டியாக வேண்டும். ஏற்றங்களின் மீது கூட்டிச் செல்லும் தொகையீடும், மூடிய பரப்பின் மீதான கௌசின் தொகையீடும் ஒன்றல்ல. முன்னது தொலைவிற் செயற்படலின் மொழி. பின்னது விசைக்கோடுகளை எண்ணும் மொழி. வகையீட்டு வடிவுக்குத் தாய் போன்றது. பாடநூல்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதனால், பரடேக்கும் அவரை மறுத்தோருக்கும் இடையே இருந்த பிளவு மாணவர் கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது.

அப்பிளவு வெறும் கணிதப் பிளவன்று. ஜேர்மனியில் நொய்மன் 1845இலும் வேபர் 1846இலும் தொலைவிற் செயற்படல் என்ற அடிப்படையிலேயே தூண்டலை விளக்கியிருந்தனர். அக்காலத்துப் பரிசோதனைகளுக்கு அவ்விளக்கமும் பொருந்தியது. கொல்லன் ஒருவரின் மகனாய் 1791இற் பிறந்து, புத்தகம் கட்டும் தொழிலிற் பயிற்சி பெற்ற பரடேயோ கணிதம் அறியாதவர். 1831ஆம் ஆண்டு ஓகத்து 29ஆந் திகதி, இரும்பு வளையமொன்றில் இரு சுருள்களைச் சுற்றித் தூண்டலை அவர் கண்டபோது, கண்டதைச் சொல்வதற்கு அவரிடம் இருந்தவை கோடுகளும் வளையங்களும் அவற்றை விளக்கும் உரைநடையுமே. அவ்வுரைநடையைப் பிரபுக்கள் கல்வியின் குறைபாடாகக் கருதியோர் உளர். மக்ஸ்வெல் அதனைக் கணிதமாகவே வாசித்தார். வாசகர் ஒருவர் செய்யக்கூடிய பெரும்பணி அதுவென்றே கொள்கிறோம்.

கடலடித் தந்தியையும் இங்கு நினைத்தல் தகும். குட்டாபேர்ச்சா என்னும் மரப்பாலால் உறையிடப்பட்ட கம்பிகளிலே சைகைகள் தாமதித்துச் சென்றதைப் பரடே 1854இல் ஆராய்ந்து, உறையினுள் நிகழும் தூண்டலே அதற்குக் காரணமென்றார். அம்மரப்பால் தென்கிழக்காசியக் காடுகளில் மரங்களை வெட்டிப் பெறப்பட்டது. கம்பிகள் பேரரசை இணைத்தன. 1866இல் அத்திலாந்திக்கை நிலையாகக் கடந்து, 1870இற் பம்பாயை அடைந்தன. கம்பிக்கு வெளியே, உறையிலே நிகழ்வதே முக்கியமானது என்ற எண்ணம் பிரித்தானியப் பொறியியலாளருக்கு இவ்வாறு நடைமுறைத் தேவையாயிற்று. ஆயினும் இதனை வைத்துக்கொண்டு வகையீட்டுச் சமன்பாடு ஏகாதிபத்தியத்தின் குழந்தை என்று கூறிவிடுவது மலினமான மார்க்சியமாகும். நம்மவரிற் சிலர் இலக்கியத்திற் செய்த அதே தவறு அது. தடத்தைச் சுற்றிய தொகையீட்டைப் பரப்பின் மீதான தொகையீடாக மாற்றும் தேற்றத்தை வில்லியம் தொம்சன் 1850இல் ஸ்டோக்சுக்குக் கடிதத்தில் எழுதினார். 1854இல் ஸ்டோக்ஸ் அதனைக் கேம்பிரிட்ஜ் பரிசுப் பரீட்சையொன்றில் வினாவாக விடுத்தார். அப்பரீட்சை எழுதியவர்களில் மக்ஸ்வெல்லும் ஒருவர். கம்பி அத்தேற்றத்தின் தேவையை விளக்கலாம். அதன் உண்மையை விளக்காது.

உருவமாற்றம் புதிய உள்ளடக்கத்தை வெளிக்கொணரும் இடம் நான்காவது விதியாகும். அம்பியரின் பழைய விதியை வகையீட்டு வடிவில் எழுதினால், காந்தப்புலத்தின் சுழற்சி மின்னோட்ட அடர்த்திக்குச் சமப்படும். எந்தச் சுழற்சியினதும் விரிவு பூச்சியம் என்பது கணிதம். ஆகவே மின்னோட்டத்தின் விரிவும் எப்போதும் பூச்சியமாதல் வேண்டும். கொள்ளளவி ஒன்று ஏற்றப்படும்போது அதன் தகட்டிலே ஏற்றம் சேர்வதனால் அவ்வாறு இருப்பதில்லை. தொகையீட்டு வடிவிலும் இம்முரண்பாடு உண்டு. ஒரே தடத்தை விளிம்பாகக் கொண்ட இரு பரப்புகளுள் ஒன்று கம்பியை வெட்டும், மற்றையது தகடுகளுக்கு இடையே செல்லும். இரண்டும் வெவ்வேறு விடை தரும். ஆனால் அங்கே பரப்பைத் தெரிவுசெய்வதில் நேர்ந்த இடர்ப்பாடு போல அது தோன்றுகிறது. புள்ளியில் எழுதியபோது ஒளிய இடமின்றி நிற்கிறது. மாறும் மின்புலத்தையும் ஓர் ஓட்டமாகக் கொண்டால் முரண்பாடு தீர்கிறது. இவ்வழியாகவே மக்ஸ்வெல் அதனைக் கண்டார் என்று பாடநூல்கள் கதை சொல்கின்றன, அது வரலாறன்று. 1861-62இல் வெளியிட்ட கட்டுரைத் தொடரிலே, சுழல்களும் நெகிழ்வும் உடைய ஓர் ஊடகத்தைக் கற்பனைசெய்து, அந்நெகிழ்விலிருந்தே அவ்வுறுப்பைப் பெற்றார். அதன் பயனாக எழுந்த அலையின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்தது. ஹேர்ட்ஸ் அவ்வலைகளை 1887-88இற் பரிசோதனையில் உண்டாக்கினார்.

ஊடகம் பின்னர் மறைந்தது. 1864இல் மக்ஸ்வெல் வாசித்த கட்டுரையில் இருபதாய் இருந்த சமன்பாடுகளை, தந்தி இயக்குநராகத் தொழில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தின் படியேறாத ஒலிவர் ஹெவிசைட் 1884-85 அளவிலே காவிக் குறியீட்டில் நான்காகச் சுருக்கினார். ஹேர்ட்சும் இத்தகைய சுருக்கத்தையே நாடி, மக்ஸ்வெல்லின் கோட்பாடு என்பது மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளே என்றார். பொருள் மறைந்து சமன்பாடுகள் மட்டும் எஞ்சுவதாகக் கருதும் போக்கை 1909இல் வெளியான தமது நூலிலே லெனின் கடிந்ததை நாம் அறிவோம். ஹேர்ட்சின் கூற்றை அவ்வாறு முற்றாகக் கருத்துமுதல்வாதமெனத் தள்ளிவிடுவது நியாயமன்று. தாமே அலைகளை உண்டாக்கிய ஒருவர் பேசியது அது. எனினும் சமன்பாடே கோட்பாடு என்று ஆனபின், அதன் உருவங்கள் ஒன்றையொன்று பதிலீடு செய்யும் வெறுங் கருவிகளாயின. ஏங்கெல்சின் இயற்கையின் இயங்கியல் மின்சாரத்துக்கு ஒரு நீண்ட இயலை ஒதுக்கினாலும், அது பெரும்பாலும் விடெமனின் நூலைச் சூழ்ந்தே நிற்கிறது. நமது மரபிலே இவ்விடம் இன்னும் உழப்படாத நிலம்.

வகையீட்டு வடிவமே இறுதி உண்மை என்று நாம் கூற வரவில்லை. தொடர்ச்சி அறும் இடங்களில் அது பேச்சிழக்கிறது. கடத்தியின் மேற்பரப்பிலே மின்புலம் ஒரேயடியாகத் தாவுகிறது. அங்கே வகையிட இயலாது. மெல்லிய பெட்டி வடிவான பரப்பொன்றை எல்லையில் நிறுத்தித் தொகையீட்டு விதியையே நாட வேண்டியுள்ளது. தடமே அசையும் பொழுதும் பரடேயின் விதியை எடுத்தாள்வதில் நிதானம் வேண்டும். பாயம் மாறும் வீதத்தில் புலம் மாறுவதாலும் தடம் அசைவதாலும் வரும் இரு கூறுகள் கலந்துள்ளன. வகையீட்டுச் சமன்பாடு முதலாவதை மட்டுமே கூறும். பரடே 1831இற் சுழற்றிய செப்புத் தட்டு இவ்விடர்ப்பாட்டின் பழைய சான்று. காந்தம் அசைவதற்கும் கடத்தி அசைவதற்கும் கொடுக்கப்பட்ட இரு வேறு விளக்கங்களின் பொருந்தாமையைச் சுட்டியே ஐன்ஸ்டைன் தமது 1905ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடங்கினார்.

ஹெவிசைட்டின் சுருக்கத்திலே வெளியேற்றப்பட்டவற்றுள் காவி அழுத்தம் என்பதும் ஒன்று. பரடே மின்விறைப்பு நிலை என்று ஊகித்த ஒன்றையே மக்ஸ்வெல் அக்கணியத்திற் கண்டிருந்தார். அதற்குத் தமது நூலிலே பேரிடம் கொடுத்திருந்தார். பின்வந்தோர் அதனைக் கணக்கிடும் வசதியாகவே வைத்துக்கொண்டனர். மக்கார்த்தி காலத்து அரசியல் வேட்டையினால் 1951இல் அமெரிக்காவை விட்டு வெளியேற நேர்ந்த டேவிட் போமும், அவரது மாணவர் அகரனோவும் 1959இல் அதனை மீளக் கொண்டுவந்தனர். நீண்ட சுருளொன்றின் உள்ளே காந்தப்புலம் அடைபட்டிருக்க, வெளியே இருபுறமுமாகச் செல்லும் இலத்திரன்கள் தாம் செல்லும் தடத்தின் எந்தப் புள்ளியிலும் அப்புலத்தைச் சந்திப்பதில்லை. எனினும் அவை மீண்டும் சேருமிடத்திலே தலையீட்டுக் கோலம் இடம்பெயரும் என்று அவர்கள் காட்டினர். இடம்பெயர்வின் அளவைத் தருவது, சுருளைச் சுற்றிய மூடிய தடத்தின் மீதான காவி அழுத்தத்தின் தொகையீடு. இலத்திரனுக்குரிய வெளியிலே சுருள் ஒரு துவாரம். அதனைக் கடக்காமல் அத்தடத்தைப் புள்ளியாகச் சுருக்க முடியாது. ஆகவே ஸ்டோக்சின் தேற்றம் அங்கே 'எனவே' என்று சொல்வதற்கு இடமில்லை. ஜப்பானிலே தொனோமுராவும் குழுவினரும் 1986இல், புலம் வெளியே கசியாதபடி மீகடத்தியால் மூடப்பட்ட ஒரு சிறு காந்த வளையத்தைக் கொண்டு அவ்விடம்பெயர்வைப் படம்பிடித்தனர்.